கொள்ளைக் கப்பலும் சுதேசிக் கப்பலும்

விளையாட்டு மக்களுக்கு இயல்பாய் அமைந்த ஒன்று. உடலை வளர்க்கும் விளையாட்டு ஒருவகை. அறிவை வளர்க்கும் விளையாட்டு மற்றொருவகை. சடுகுடுவும் பந்தாட்டமும் முதல் வகையைச் சார்ந்தவை. சதுரங்கமும் ஆடுபுலி ஆட்டமும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இரண்டாம் வகை ஆட்டத்தில் வெல்வதற்குத் தோள்வலி வேண்டுவதில்லை. முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்கும் திறன் வேண்டும். அத்திறனைத் திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்து ஆராய்கின்றார். செய்யத்தக்கது எது, தன் வலி எவ்வளவு, ஏற்ற காலம் எது, ஏற்ற இடம் எது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அறிவுடையோன் ஒரு செயலில் இறங்குவான். நாடாளும் அரசனை நோக்கி எழுந்த இவ்வினாக்கள் இக்காலத்தில் கைப்பேசி ஏந்திய மாணவனுக்கும் உரியவை ஆயின.

இணையத்தின் வழியாகப் பலர் கூடி ஆடும் போர்ச்சூழ்ச்சி விளையாட்டுகள் இன்று பெருகியுள்ளன. அவற்றுள் கடற்கொள்ளையைப் பொருளாகக் கொண்டவை இளைஞர் உள்ளத்தைப் பெரிதும் கவர்கின்றன. 1987ஆம் ஆண்டில் 'சிட் மையரின் பைரட்ஸ்' என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தது. அது ஒருவர் தனித்து ஆடுவது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'பசில் பைரட்ஸ்' என்பதோ பல நாட்டாரும் இணையத்தில் ஒருங்கு கூடி ஆடுவது. பின்னர் இவ்வகை விளையாட்டுகள் கைப்பேசிக்குள்ளும் புகுந்தன. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் மாணவன் அங்கிருந்தவாறே கரிபியக் கடலில் கலம் செலுத்துகின்றான். தாமிரபரணிக் கரையில் பிறந்த அவனுக்கு ஜமைக்காத் தீவின் போர்ட் ராயல் துறைமுகம் நன்கு தெரியும். கொற்கைத் துறைமுகத்தைப் பற்றி அவன் அறிந்தது சிறிதே.

இவ்விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். தொடக்கத்தில் ஆடுவோனுக்கு ஒரு சிறு தீவும் ஒரு துறைமுகமும் சில கலங்களும் கிடைக்கும். அவன் மரம் வெட்டுவான்; பொன் சேர்ப்பான்; கலம் கட்டும் துறையை விரிவாக்குவான்; மாலுமிகளைப் பயிற்றுவான். பொருள் போதாதபோது அயல் தீவை வேவு பார்ப்பான். அத்தீவு வேறோர் ஊரிலோ வேறொரு நாட்டிலோ இருந்து ஆடும் மற்றொருவனுக்கு உரியது. அவன் உறங்கும் நேரம் பார்த்து இவன் தாக்குவான். பண்டகசாலையில் உள்ள பொருளில் ஒரு பகுதியை வாரிக்கொண்டு திரும்புவான். இவன் உறங்கும் நேரத்தில் அவனும் அவ்வாறே செய்வான். தனித்து நிற்பவன் பிழைத்தல் அரிது. ஆதலின் ஆடுவோர் பலர் கூடிக் குழு அமைப்பர். ஒருவர்க்கொருவர் கலம் அனுப்பி உதவுவர். கூடிப் பேசிப் பகைவரைத் தாக்குவர்.

இதனை வீண்பொழுது என்று முழுவதும் பழித்து ஒதுக்குதல் முறையன்று. நன்றாக ஆடுபவன் சில நல்ல பழக்கங்களைப் பெறுகின்றான். கையில் உள்ள பொன்னைக் கொண்டு இன்று கலம் கட்டுவதா, கோட்டையை வலுப்படுத்துவதா என்று அவன் எண்ண வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்யப் பொருள் போதாது. பீரங்கி மிகுந்த கலத்தை நம்புவதா, விரைந்து செல்லும் கலத்தை நம்புவதா என்று அவன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தன்னினும் வலியவனைத் தாக்கினால் உள்ளதையும் இழக்க நேரும். குழுவில் உள்ளோர்க்குக் கொடுத்த சொல்லைக் காக்கத் தவறினால் அடுத்த முறை துணைக்கு வருவார் இல்லை. வரவும் செலவும், பொறுமையும் நம்பிக்கையும் இவ்வாறு ஆட்டத்தின் வழியே விளங்குகின்றன. பெரியோர் சிலர் இவ்வுண்மையை அறியாமலே கைப்பேசியைப் பிடுங்கி வைக்கின்றனர். காரணம் கூறாமல் தடுப்பதனால் ஆசை குறைவதில்லை, மறைவில் வளர்கின்றது.

ஆயினும் நல்ல விளையாட்டிற்கு இன்றியமையாத இரண்டு இயல்புகள் இக் கடற்கொள்ளை விளையாட்டில் இல்லை. அவை யாவை என அறிதற்குப் பழைய ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பார்த்தல் போதும். கோயில் மண்டபங்களின் கல்தரையிலும் ஊர்ச் சாவடிகளிலும் கீறப்பட்ட கோடுகளை இன்றும் பல இடங்களில் காணலாம். அவ்வாட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆட்டிற்கு வெட்டும் ஆற்றல் இல்லை. ஆனால் ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, குதிக்க இடம் விடாமல் அடைத்துவிட்டால் புலி செயலற்றுப் போகும். ஒருமுறை புலியாக ஆடியவர் மறுமுறை ஆடாக ஆடுவர். வலியவன் எண்ணமும் மெலியவன் எண்ணமும் ஒருவருக்கே விளங்குகின்றன. மேலும், புலிகள் அடைபட்டாலோ ஆடுகள் குறைந்தாலோ ஆட்டம் முடிந்துவிடும். விளக்கேற்றும் நேரம் வந்தால் காய்களாய் நின்ற கற்களை எறிந்துவிட்டு இருவரும் வீடு செல்வர். இழப்பவன் நிலையை உணர்த்துதல் ஓர் இயல்பு. முடிவு உடைமை மற்றோர் இயல்பு. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு சூழ்ச்சித்திறன் இருந்தாலும் அது குறையுடையதே.

முதற்குறையை முதலில் ஆராய்வோம். கடற்கொள்ளை விளையாட்டில் தாக்குபவன் முகம் தெரிகின்றது. தாக்கப்பட்டவன் முகம் தெரிவதில்லை. எரியும் தீவில் அழுவார் ஒருவரும் இல்லை. மூழ்கும் கலத்தில் தாயும் சேயும் இல்லை. மறுபக்கத்தில் இருப்பது ஒரு பெயரும் சில எண்களுமே. தன் பண்டகசாலை கொள்ளை போனால் ஆடுபவனும் வருந்துவான் என்பது உண்மை. ஆயின் அவ்வருத்தம் அடுத்த தாக்குதலுக்குத் தூண்டுகோல் ஆகின்றதேயன்றி, பிறர் துயரை உணரும் வழியாக அமைவதில்லை.

உண்மைக் கடலின் இயல்பு வேறு. அதனைத் தாமிரபரணியின் முகத்துவாரமே உணர்த்தும். பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையை வளமாக்கி, புன்னைக்காயலுக்கு அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கும் அவ்வாற்றின் கரையில் பண்டு கொற்கை என்னும் பெருந்துறை இருந்தது. பாண்டியர்க்கு உரிய அத்துறையின் முத்து உலகப் புகழ் பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல் அம் முத்துக் குளிப்பைப் பற்றிக் கூறுகின்றது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே அத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர் என்பது அந்நூலால் அறியப்படும் செய்தி. விளையாட்டில் ஒரு முத்து ஒரு விரலசைவில் கிடைக்கின்றது. மெய்யான முத்தோ, இடையில் கயிறு கட்டி, கல்லின் பளுவால் கடலடி சேர்ந்து, அடக்கிய மூச்சு விடுமுன் சிப்பியை வாரிக்கொண்டு மேலெழும் ஒரு மனிதனின் உயிரோடு பிணைந்தது. அம்முத்தைச் சுமந்து சென்ற கலத்தை ஒருவன் கொள்ளையிட்டால் அவன் கொள்ளையிட்டது வெறும் பொருளை அன்று, பலருடைய மூச்சை.

இந்தியக் கடலில் நிகழ்ந்த பெருங்கொள்ளை ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. 1695ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்கொள்ளையனான ஹென்றி எவரி என்பவன், முகலாயப் பேரரசர்க்கு உரிய 'கஞ்ச்-இ-சவாய்' என்னும் பெருங்கப்பலைத் தாக்கினான். அக்கப்பல் மெக்காவிற்குச் சென்ற பயணிகளைச் சுமந்துகொண்டு சூரத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. கப்பலில் இருந்த ஆண்களும் பெண்களும் சொல்லொணாத் துன்பம் உற்றனர். சினம் கொண்ட ஔரங்கசீப் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலைகளை மூடுவித்தார். எவரியோ அகப்படாமல் மறைந்தான். பிற்காலத்தில் கதைகளும் நாடகங்களும் அவனை வீரனாக்கின. பயணிகளின் பெயர்களைப் பாடுவார் இல்லை. இன்றைய விளையாட்டுகளும் அப்பழைய கதைகளின் வழியிலேயே செல்கின்றன.

கொள்ளையன் என்னும் பெயரும் எப்போதும் உரியவனுக்கே வழங்கியது என்று கொள்ளுதற்கில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியக் கடலில் ஓடும் கலங்கள் தம்மிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று விதித்தனர். சீட்டு இல்லாத கலங்களைக் கைப்பற்றினர். அவர்களை எதிர்த்துக் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் சார்பில் கடற்போர் புரிந்தோர் மரக்காயர்கள். முத்துக்குளித்துறைக் கடற்கரையின் ஆதிக்கத்திற்காக எழுந்த போட்டியில், 1538ஆம் ஆண்டு மண்டபத்திற்கு அருகில் உள்ள வேதாளையில் பெரும்போர் நடந்தது. மரக்காயர் படை தோற்றது. நான்காம் குஞ்ஞாலி மரக்காயர் 1600ஆம் ஆண்டில் கோவாவில் கொல்லப்பட்டார். போர்ச்சுகீசியர் அவர்களைக் கடற்கொள்ளையர் என்று எழுதினர். கேரள மக்கள் அவர்களை வீரர் என்று போற்றுகின்றனர். கருங்கொடி ஏற்றிய கொள்ளை உண்டு. சீட்டும் முத்திரையும் ஏந்திய கொள்ளையும் உண்டு. கருங்கொடியை மட்டும் கண்டு பழகியவன் இரண்டாவதை அடையாளம் காணமாட்டான்.

இக்கருத்து இரண்டாம் குறைக்கு வழிகாட்டுகின்றது. கொற்கையைக் கடல் விட்டு விலகியது. ஆறு கொணர்ந்த மண் துறையைத் தூர்த்தது. இன்று கொற்கை கடற்கரையினின்றும் சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூர். கொற்கைக்குப் பின் காயல் பெருந்துறையாய் விளங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்துப் பயணி அதனைச் சிறப்பித்து எழுதினார். அரபு நாட்டினின்றும் குதிரைகளை ஏற்றி வந்த கலங்கள் அங்குத் தங்கின. அவரே மேலைக் கடற்கரையில் வாழ்ந்த கடற்கொள்ளையரைப் பற்றியும் எழுதியுள்ளார். அவர்கள் இருபது முப்பது கலங்களை ஐந்து மைல் இடைவெளியில் வரிசையாக நிறுத்துவர். இவ்வாறு நூறு மைல் கடலை ஒரு வலைபோல் வளைத்துக்கொள்வர். வணிகக் கலம் ஒன்று கண்ணிற் பட்டால் தீயாலும் புகையாலும் ஒருவர்க்கொருவர் குறி காட்டுவர். பொருளைக் கவர்ந்த பின் வணிகரைக் கொல்லாமல் விடுத்து, மறுபடியும் பொருள் ஈட்டி வருமாறு கூறி அனுப்புவர். மீண்டும் ஈட்டினால் மீண்டும் கவரலாம் என்பது அவர்கள் கருத்து.

இணைய விளையாட்டின் உள்ளமைப்பு இதனை ஒத்திருக்கின்றது. தாக்கப்பட்டவனை விளையாட்டு முற்றிலும் அழிப்பதில்லை. அவனுக்குச் சில நாழிகை காவல் அளிக்கும். மீண்டும் பொருள் சேர்க்கத் துணைபுரியும். அவன் சேர்த்த பின் மீண்டும் தாக்கப்படுவான். ஆடுபுலி ஆட்டம்போல் இதற்கு முடிவு இல்லை. வென்றவனும் முடிவாக வெல்வதில்லை. தோற்றவனும் முடிவாகத் தோற்பதில்லை. ஆகவே இருவரும் விலகுவதில்லை. ஆட்டம் முடியாதபோது ஆடுவோனுடைய பொழுதே முடிகின்றது.

இதனினும் நுட்பமான வலை ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஒரு கட்டடம் ஒரு நிமிடத்தில் எழும். பின்னர் ஒரு மணி ஆகும். அதன் பின்னர் ஒரு நாள் ஆகும். மேலும் சில நாட்கள் ஆகும். காத்திருக்க மனம் இல்லாதவன் மணிகளையோ வைரங்களையோ செலுத்திக் காலத்தைக் குறுக்கலாம். விளையாட்டில் கிடைக்கும் அவ்வைரம் சிறிது. கடையில் உண்மைப் பணம் கொடுத்து வாங்கும் வைரம் பெரிது. உள்ளே இருப்பது யாதெனத் தெரியாத புதையற்பெட்டிகளும் விற்கப்படும். சிறந்த கலம் வருமா, உடைந்த பலகை வருமா என்பது குலுக்கலைப் பொறுத்தது. திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தில் கண்டித்த மயக்கம் இப்பெட்டிக்குள் ஒளிந்திருக்கின்றது. இத்தகைய பெட்டிகள் சில சூதாட்டச் சட்டத்தை மீறுவன என்று பெல்ஜிய நாடு 2018ஆம் ஆண்டில் முடிவு செய்தது.

விளையாட்டை ஆக்கியோர் அனைவரையும் கொள்ளையர் என்று கூறுதல் மிகையாகும். ஓவியம் தீட்டியோரும் கணிப்பொறி நிரல் எழுதியோரும் தம் உழைப்பிற்கு ஊதியம் பெறவேண்டியவரே. நேர்மையாக ஒரு விலை வைத்து விற்பாரும் உளர். ஆயின் இலவசம் என்று அழைத்து, பொறுமை இழக்கும் தருணத்தைக் கணக்கிட்டு, அத்தருணத்தில் கைநீட்டிப் பணம் கேட்கும் முறை நேர்மையானது அன்று. பிறர் தீவைக் கொள்ளையிட்டு மகிழும் மாணவன், தன் உறக்கமும் தன் தந்தையின் பணமும் கவரப்படுவதை அறியாதிருப்பானாயின் அவன் கடற்கொள்ளையன் அல்லன். மார்க்கோ போலோ கண்ட வணிகன். பொருள் ஈட்டி வா என்று விடுக்கப்பட்டவன் அவன்.

சட்டம் காக்கும் என்று இருந்துவிடலாமோ? தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 2025ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் 18 வயது நிரம்பாதோர் ஈடுபடலாகாது என்றும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அவ்விளையாட்டுகளில் நுழைய இடம் தரலாகாது என்றும் கூறின. அதே ஆண்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயின் இவை யாவும் பணத்தைப் பந்தயமாக வைத்துப் பணத்தை வெல்லக் கருதும் ஆட்டத்தையே முதன்மையாக நோக்கியவை. கடற்கொள்ளை விளையாட்டில் ஆடுவோன் பணம் வெல்வதில்லை, செலவிடுகின்றான். ஆதலின் சட்டத்தின் காவல் அவனுக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. அளவிறந்து விளையாடிக் கட்டுப்பாட்டை இழத்தலை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது; அப்பட்டியல் 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் காவாத இடத்தில் அறிவே காவல்.

வரம்பு இடுதல் வீரத்திற்கு இழுக்கு என்று எண்ணும் இளைஞரும் உளர். அவர்கள் மெய்யான கடற்கொள்ளையர் வாழ்வை அறியார். பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்பவன் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலை நடுங்கச் செய்தவன். 1722ஆம் ஆண்டில் போரில் மடிந்தவன். அவன் கப்பலில் உள்ளோர் அனைவரும் சில விதிகளுக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டனர். பணம் வைத்துச் சீட்டோ பகடையோ ஆடலாகாது என்பது ஒரு விதி. இரவு எட்டு மணிக்கு விளக்குகளை அணைத்துவிட வேண்டும் என்பது மற்றொரு விதி. அறத்தை மதியாத கொள்ளைக் கூட்டமே உறக்கத்திற்கும் சூதிற்கும் வரம்பு வகுத்துக்கொண்டது. விடியும்வரை விழித்திருந்து புதையற்பெட்டி வாங்குபவனை அக்கப்பலில் ஒருநாளும் வைத்திருக்கமாட்டார்கள்.

இனி, கடலில் நடந்த உண்மையான சூழ்ச்சிப் போட்டி ஒன்றைக் காண்போம். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. தூத்துக்குடி அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தது. 1986ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டம் ஆயிற்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல் வாணிகம் ஆங்கிலக் கம்பெனி ஒன்றின் கைக்குள் இருந்தது. 1872ஆம் ஆண்டில் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அதனை எதிர்க்கத் துணிந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. முதலில் வாடகைக்குக் கப்பல் பெற்றனர். எதிரிகளின் அச்சுறுத்தலால் அதனை ஓட்ட இயலவில்லை. பின்னர்ச் சொந்தக் கப்பல் வேண்டும் என்று துணிந்து, 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களை 1907ஆம் ஆண்டில் கொணர்ந்தனர். தன் வலியையும் மாற்றான் வலியையும் துணைவர் வலியையும் எண்ணித் துணிந்த செயல் அது.

அப்போது மாற்றார் கையாண்ட படைக்கலம் பீரங்கியன்று, இலவசம். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே ஆங்கிலக் கம்பெனி, கட்டணமே வேண்டா என்றது. பயணிகளுக்குக் குடையும் இலவசமாக வழங்கியது. இலவசமாகக் கிடைப்பதை ஏற்பதில் என்ன குற்றம் என்று பலர் எண்ணியிருக்கலாம். ஆயின் அவ்விலவசத்தின் நோக்கம் பயணியின் நன்மை அன்று. போட்டியாளரை அழித்து, பின்னர்த் தனியே ஆளுதல் என்பது தெளிவு. 1908ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி நகரம் கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர்க் குறைக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுதலை பெற்றபோது கம்பெனி இல்லை. 1911ஆம் ஆண்டிலேயே அது கலைக்கப்பட்டுவிட்டது.

கணக்கின்படி பார்த்தால் சிதம்பரனார் தோற்றவர். விளையாட்டின் தரவரிசைப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறாது. ஆயினும் அவர் பெயரையே தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் தாங்கி நிற்கின்றது. காரணம் யாது? அவர் தமக்காகப் பொருள் குவிக்கக் கலம் செலுத்தவில்லை. பலர்க்கு உரிய கடலைப் பலர்க்கே மீட்டுத்தரச் செலுத்தினார். சூழ்ச்சித்திறன் கொள்ளையனிடமும் உண்டு, கொள்ளையை எதிர்த்தவனிடமும் உண்டு. திறன் ஒன்றே, நோக்கம் வேறு. நோக்கத்தைக் கற்பிக்காத விளையாட்டு திறனை மட்டும் வளர்த்து விட்டுவிடுகின்றது.

விளையாட்டு வெறும் விளையாட்டே அன்றோ, அதில் அறத்தைத் தேடுதல் எதற்கு என்று வினவலாம். ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டை வெட்டியவன் எவனும் கொலைஞன் ஆகவில்லை. அதுபோலக் கடற்கொள்ளை விளையாட்டை ஆடியவன் எவனும் அதனால் கள்வன் ஆகிவிடுவான் என்று கூறுதல் பொருந்தாது. அச்சம் அதுவன்று. நாள்தோறும் பல மணி நேரம் ஒருவன் எதனைப் பழகுகின்றானோ அதுவே அவனுக்கு இயல்பாகத் தோன்றத் தொடங்கும். உறங்குபவனைத் தாக்குதல் திறமை என்றும், காத்திருத்தல் மடமை என்றும், பணம் கொடுத்துக் குறுக்குவழி பெறுதல் அறிவு என்றும் பழகிய மனம், ஆட்டத்திற்கு வெளியிலும் அவ்வளவுகோலையே எடுத்துக்கொள்ளக் கூடும். அளவுகோலை மாற்றிக்கொள்ளும் தெளிவு உள்ளவனுக்குத் தீங்கில்லை.

ஆகவே செய்யத்தக்கது மூன்று. முதலாவது, விளையாட்டிற்கு இல்லாத முடிவை ஆடுவோன் தானே வகுத்துக்கொள்ளல் வேண்டும். நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்றும், இரவில் இன்ன மணிக்குமேல் இல்லை என்றும் முன்னரே துணிதல் நன்று. தன் தீவு கொள்ளை போயினும் உறங்கச் செல்பவனே உண்மையில் வலியவன். இரண்டாவது, இலவசம் என்று வரும் எதனையும் கண்டு, இதற்கு விலை கொடுப்பவர் யார் என்று வினவிப் பழகல் வேண்டும். பெற்றோர் அறியாமல் ஒரு காசும் செலுத்தலாகாது. பெற்றோரும் வெறுமனே கடிந்துரையாமல் அருகிலிருந்து ஆட்டத்தைக் கண்டு, வலை எங்கே விரிக்கப்பட்டுள்ளது என்று மக்களோடு சேர்ந்து ஆராய்தல் வேண்டும். மூன்றாவது, கரிபியக் கடலை அறிந்தவன் தன் கடலையும் அறிதல் வேண்டும். போர்ட் ராயல் 1692ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும்பகுதி கடலுள் மூழ்கியது என்பதை விளையாட்டின் வழியே அறிந்த மாணவன், கொற்கையை விட்டுக் கடல் விலகிய வரலாற்றையும் நேரிற் சென்று அறியலாம்.

கணிப்பொறி கற்ற தமிழ் இளைஞர் பலர் இன்று உலகெங்கும் பணிபுரிகின்றனர். பிறர் ஆக்கிய கடலில் தமிழ் மாணவன் என்றும் விருந்தினனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முத்துக் குளிப்போன் மூச்சையும், காயலில் இறங்கிய குதிரையையும், பங்கு பங்காகப் பணம் திரட்டிக் கப்பல் வாங்கிய துணிவையும் பொருளாகக் கொண்டு ஒரு சூழ்ச்சி விளையாட்டை அவர்கள் ஆக்கலாம். அதில் புலியாகவும் ஆடலாம், ஆடாகவும் ஆடலாம். வணிகனைக் காப்பதும் அதில் வெற்றியாகலாம். அதற்கு ஒரு முடிவும் இருக்கலாம். அவ்வாறு ஒரு விளையாட்டு தோன்றும் வரையில், கையில் உள்ள விளையாட்டை ஆடுவோர் கண்ணைத் திறந்து வைத்து ஆடுக. கொள்ளையிடுபவன் யார், கொள்ளை போவது எது என்னும் இரண்டையும் அறிந்து ஆடுபவனுக்கு எந்தக் கடலும் அச்சம் தராது.